தொட்ட குதிரை

செஸ் விரிப்பைப் பிரிக்கும்போது வரும் ரெக்சின் வாடை புது மழைக்கோட்டின் வாடை மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அது மூக்கில் ஏறியதும் இந்த வயதிலும் எனக்குப் பழைய பயம் வந்துவிடுகிறது. இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த வருடங்களில் முதலியார்பேட்டைப் பிள்ளைகள் எல்லாம் பேய்க்கும் கணக்கு டீச்சருக்கும் பயந்துகொண்டிருக்க, நான் மட்டும் 'ரேட்டிங்' இல்லாத பிள்ளைகளுக்குப் பயந்துகொண்டிருந்தேன். ரேட்டிங் என்பது ஆடுகிறவரின் பலத்துக்குப் போடும் மதிப்பெண். எனக்கு அது இருந்தது. இல்லாதவரிடம் தோற்றால் மானம் போய்விடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர், எங்கள் தெரு வழக்கில் ஒரு 'சொல்தா'. அவர் அங்கிருந்து கொண்டுவந்த செஸ் பெட்டியோடு 'ஜாதூப்' என்ற சொல்லும் தெருவுக்கு வந்து சேர்ந்தது. 'சரிசெய்கிறேன்' என்று அர்த்தம். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது ஆட்ட விதி; கோணலாக நிற்கும் காயை நேராக்க மட்டும் தொடுவதென்றால், முதலில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் தொடவேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகளோ அதை 'டைம் ப்ளீஸ்' கணக்கில் சேர்த்துவிட்டார்கள். தப்பான காயைத் தொட்டுவிட்டு ஜாதூப் சொல்வோம். ஓடிப்பிடித்து ஆடும்போது மாட்டிக்கொண்டாலும் ஜாதூப் சொல்வோம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில், அகில இந்தியப் போட்டிக்கு ஊரிலிருந்து ஒருவரை அனுப்புவதற்கான தேர்வு நடந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பவருக்குத்தான் அந்த இடம் என்றாகி, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவன் முருகவேல். ஒன்பது வயது; அவன் அப்பா எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். "ரேட்டிங்கூட இல்லாத பையன். அவன்கிட்ட தோத்துட்டு வூட்டுக்கு வராத" என்று காலையில் என் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பையன் தலையே நிமிரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் காய்களை ஒரு மூலைக்கு நெருக்கிக்கொண்டிருந்தான். கடிகாரத்தின் டிக் டிக் என் காதுக்குள்ளேயே கேட்டது. பதற்றத்தில் குதிரையைத் தொட்டுவிட்டேன். அதை நகர்த்தினால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும். பழகிய வாய் தானாக "ஜாதூப்" என்றது.

"அக்கா, தொட்டுட்டீங்க" என்றான் முருகவேல். நடுவர் வந்தார். சொல்லிவிட்டுத் தொடவேண்டும் என்று காலையில்தான் எல்லோருக்கும் விளக்கியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். "சொல்லிட்டுத்தான் சார் தொட்டேன்" என்றேன். அவர் பையனிடம் திரும்பி, "சொன்னாளாப்பா?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் அப்பாவைப் பார்த்தான். "சொன்னாங்க சார்" என்றான்.

நான் ஜெயித்தேன், அகில இந்தியப் போட்டிக்குப் போனேன், போய் வரிசையாகத் தோற்றுவிட்டு வந்து செஸ்ஸையே விட்டேன். முருகவேலுக்கு வெளியூர்ப் போட்டிகளுக்குப் போக வழியில்லாமல் ரேட்டிங் கிடைக்கவே இன்னும் நாலு வருடம் பிடித்தது. கிடைத்ததும் அவன் பலத்துக்குப் பாதிகூட இல்லாத மதிப்பெண்ணாக இருந்தது. அதனால் பெரிய ஆட்டக்காரர்கள் அவன் எதிரே உட்கார அஞ்சினார்கள். பிறகு அவன் கிராண்ட்மாஸ்டர் ஆனான், ஒவ்வொருவராக உலகத்துப் பெரிய தலைகளைச் சாய்த்தான். பேப்பரில் அவன் படத்தைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவேன். அன்றைக்கு எனக்காகப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தவன், என்றாவது ஒருநாள் என் பெயரைச் சொல்லிவிடுவானோ என்ற பயம். கல்யாணமாகி, பள்ளியில் பிரெஞ்சு டீச்சராகச் சேர்ந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

போன மாதம் கைபேசியில் அவன் பேட்டியைப் பார்த்தேன். உலகின் முதல் வரிசையை நெருங்கிவிட்டவனிடம், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். அதே மேட்டுப்பாளையத்துப் பேச்சு. "சின்ன வயசுல தேர்வு ஆட்டத்துல தோத்துட்டேன். எதிர்ல இருந்த அக்கா ஜாதூப்புன்னாங்க. எனக்கு அந்த வார்த்தையே தெரியாது. காலையில சார் விளக்கினப்பவும் எப்ப சொல்லணும், எதுக்கு சொல்லணும், ஒண்ணும் புரியல. தெரியலன்னா வெளிய அனுப்பிடுவாங்களோன்னு பயந்துபோய், சொன்னாங்கன்னுட்டேன். அவங்க ஒழுங்காத்தான் சொல்லியிருப்பாங்க. எனக்குத்தான் விவரம் பத்தல." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

இத்தனை வருடமும் என் பயத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கும் பயம் இருந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. ஆட்டம் நடந்த கூடத்தை இடித்துச் செல்போன் கடை கட்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் ஜாதூப் என்று கத்துகிற பிள்ளைகளும் கிடையாது. அன்று நடந்ததைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

முருகவேல், நான் தொட்டுவிட்டுத்தான் சொன்னேன்.