இராசரத்தினத்தின் நாலு செக்கன்

பழைய அட்டைப்பெட்டியொன்றை விரித்து, அதன்மேல் குப்புறப் படுத்து, இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டு காரின் முகத்தைப் பார்க்கிறார் இராசரத்தினம். ஐந்து நிமிடமாகிறது. கார்க்காரர் பக்கத்தில் நின்று கால் மாற்றி வைக்கிறார். "என்னண்ணை அப்பிடிப் பாக்கிறியள்?" என்று கேட்டால் படுத்தபடியே பதில் வருகிறது. "பொலிஸ் உம்மட மூஞ்சையைப் பாக்கிறேல்லைத் தம்பி. நம்பர் பிளேட்டையும் ஹெட்லைற்றையும்தான் பாக்கிறவன். அவன் பாக்கிறதை முதல்ல நான் பாக்கவேணும்."

லண்டன் வெம்பிளியில் ஒரு தளபாடக் கடைக்குப் பின்னால், ஒரேயொரு கார் நுழையக்கூடிய கொட்டில் அவருடையது. பலகையில் 'ரேடியோ, அலாரம், பார்க்கிங் சென்சர்' என்று மட்டும் இருக்கும். லேசர் ஜாமர் என்று அவர் எங்கும் எழுதுவதில்லை. ஆனால் அதைத் தேடித்தான் டூட்டிங்கிலிருந்தும் சவுத்தாலிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வீதியோரம் நிற்கும் பொலிஸ் லேசர் துவக்கைத் துப்பாக்கிபோல நீட்டி ஒளியை அடிக்கும். அது காரில் பட்டுத் திரும்புவதை வைத்து வேகம் கணக்காகும். ஜாமரின் சின்னக் கறுப்புக் கண்கள் அந்த ஒளியைக் கண்டதும் தாமும் ஒளி வீசித் துவக்கைக் குழப்பும். காருக்குள் இருக்கும் பெட்டி கீச்சிடும். சாரதி உடனே வேகத்தைக் குறைத்துவிட்டுப் பெட்டியை அணைக்க வேண்டும். அதே கண்கள் பார்க்கிங் சென்சராகவும் வேலை செய்வதால் அவருடைய பற்றுச்சீட்டில் பொய் இல்லை. முழு உண்மை இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பொலிசின் வேலையைக் கெடுத்தால் வழக்கு வரும் என்பதை மட்டும் காரில் பொருத்திப் பூட்டும் முன்பே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

பாஷையூரில் பிறந்து, ஸ்டுட்கார்ட் கராஜ் ஒன்றில் பதினான்கு வருடம் முதுகு முறிய வேலை செய்து, ஜெர்மன் பாஸ்போட் கிடைத்த கையோடு லண்டன் வந்தவர். வரும்போது ஒரு ரசமட்டத்தையும், ஏலத்தில் எடுத்த பழைய லேசர் துவக்கொன்றையும், 'கெனாவ்' என்ற ஜெர்மன் சொல்லையும் கொண்டுவந்தார். 'மிகச் சரி' என்பதற்கு அந்த ஊரில் அப்படிச் சொல்வார்களாம். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றால் "கெனாவ்!" மீன்குழம்பில் புளி அளவாக இருந்தாலும் மனைவி இம்மாகுலேற்றுக்கு அதே "கெனாவ்!" தான்.

எந்த ஜாமர் என்று வருபவர் தெரிவு செய்ய முடியாது. இன்டர்நெற்றில் நாலு பக்கம் படித்துவிட்டு வந்து பெயர் சொல்பவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கல்யாணத் தரகர் மாதிரி அவர்தான் கேள்வி கேட்பார். எந்த றோட்டில் ஓடுகிறீர், கார் என்ன நிறம், முன்பக்கம் எவ்வளவு அகலம்? கறுப்புச் சின்னக் காருக்கு இரண்டு கண் போதும். வெள்ளி நிறமும் பளபளக்கும் கிறிலும் என்றால் மூன்று. நூற்றிருபது மைலில் பறக்க வேண்டும் என்று வந்த ஹரோ பல் வைத்தியருக்கு பால் விடாத ஒரு பிளேன்ரீ கொடுத்து வழியனுப்பிவிட்டார். "இது பறக்கிற லைசென்ஸ் இல்லை டொக்டர். வேகத்தைக் குறைக்க நாலு செக்கன் வாங்கித் தாற சாமான். நாலு செக்கன் காணாதெண்டால் வேறை கடை பாருங்கோ."

அவருடைய பழைய நிசானில் ஜாமர் கிடையாது. கேட்டால், "எனக்கு வேகமானி முள்ளைப் பாக்கத் தெரியும்" என்பார். ஈலிங் வீதியில் முள் முப்பதைத் தொடாமல் அவர் ஊர்ந்து போவதும், பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பதும், "நடந்து வந்திருந்தால் இப்ப வீட்டை போயிருப்பம்" என்று இம்மாகுலேற் முணுமுணுப்பதும் வாராவாரம் நடப்பவை. பூட்டிய ஒவ்வொரு காரையும் பின் முற்றத்தில் தன் துவக்கால் சுட்டுப் பார்த்துத்தான் சாவியைக் கொடுப்பார். ஆறு வருடத்தில் அவரிடம் பூட்டிய ஒருவருக்கும் பொலிசின் வழக்குக் கடிதம் வந்ததில்லை. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதுமில்லை.

செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலை, மினிகாப் ஓட்டும் கிருஷ்ணராசா கொட்டில் வாசலில் காரைக் கோணலாக நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார். வேகமாக ஓடிப் பிடிபட்டு லைசென்சில் ஏற்கெனவே ஒன்பது தண்டப்புள்ளி. இன்னும் மூன்று விழுந்தால் லைசென்ஸ் போய்விடும். அதோடு வேலையும் போய்விடும். வியாழக்கிழமைதான் இராசரத்தினம் அவருடைய வெள்ளி நிறக் காருக்கு மூன்று கண் பூட்டி, சுட்டுப் பார்த்து, "கெனாவ்!" சொல்லி அனுப்பியிருந்தார்.

"அண்ணை, உங்கட பெட்டி மூச்சும் விடேல்லை! இப்ப ஹரோ வீதியிலை பொலிஸின்ரை கமரா வான். பின்கதவு யன்னலைத் திறந்து வைச்சு என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறான்!"

இராசரத்தினம் பதறவில்லை. "அது முப்பது மைல் றோட்டெல்லே. என்ன வேகத்திலை வந்தனீர்?"

"தெரியாது."

"தெரியாதோ?"

"முந்தியெண்டால் முள்ளிலையே கண் இருக்கும். இப்பதான் பெட்டி இருக்கே எண்டு பாக்கேல்லை அண்ணை. பதினாலு நாளைக்குள்ளை கடிதம் வந்தால் நான் முடிஞ்சன். மனிசி கலாவதிக்கு இன்னும் சொல்லேல்லை."

இராசரத்தினம் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. வயரை இழுத்துப் பார்த்தார். ரசமட்டத்தை வைத்தார், குமிழி அசையாமல் நடுவில் நின்றது. துவக்கை எடுத்து, கிருஷ்ணராசாவை முற்றத்தில் காரை ஓட்டி வரச்சொல்லிச் சுட்டார். துவக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் வேகத்தைக் காட்டியது. பன்னிரண்டு மைல். ஆறு வருடத்தில் முதன்முறையாக அவர் பூட்டிய ஜாமர் துவக்கைக் குழப்பவில்லை. இந்தச் செய்தி மாலைக்குள் வெம்பிளி முழுக்கப் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அட்டையை விரித்தார். குப்புறப் படுத்தார். இடக்கண்ணை மூடினார்.

"கிருஷ்ணராசா, இஞ்சை சந்தனம் அப்பினது ஆர்?"

"நேற்று வெள்ளிக்கிழமையெல்லே. கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சங்காய் வைச்சு ஒரு பூசை செய்தனான்."

"நம்பர் பிளேட்டிலை வைச்சது சரி. கண்ணிலை ஏன் வைச்சது?"

கிருஷ்ணராசா பக்கத்தில் வந்து குந்தினார். "நான்தான் ஐயரிட்டைக் காட்டினனான். புதுசாப் பூட்டின சாமான் ஐயா, இதுகள் மூண்டுக்கும் வடிவாப் பொட்டு வையுங்கோ எண்டு. இதுதானே அண்ணை இனி என்ரை சோறு."

இராசரத்தினத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கடைசி வார்த்தையைக் கேட்டபின் சிரிக்க மனம் வரவில்லை. போத்தல் தண்ணீரில் விரலை நனைத்து, காய்ந்து இறுகியிருந்த சந்தனத்தை மெல்லக் கரைத்து மூன்று கண்ணையும் துடைத்தார். மறுபடி சுட்டார். துவக்கில் வேகம் விழவில்லை, வெறும் கோடுகள்தான் வந்தன.

"கெனாவ்!" என்றார். குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது.

"அப்ப இனிப் பயமில்லையே அண்ணை?"

"என்ரை சாமான் வேலை செய்யும். அதிலை ஒரு சந்தேகமும் இல்லை. கடிதம் வாறதும் வராததும் நீர் போன வேகத்தைப் பொறுத்தது. அது உமக்கே தெரியாது."

கிருஷ்ணராசா தலையைக் குனிந்தபடி சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். இராசரத்தினம் கதவருகே நின்றார். ஆள்காட்டி விரலில் ஈரச் சந்தனம் அப்படியே இருந்தது. மாதா கோயிலுக்குப் போகிறவர்; நெற்றியில் வைத்துப் பழக்கமில்லை. சாமிக்கு வைத்ததைப் பழந்துணியில் துடைத்து எறியவும் மனம் இல்லை. சற்று யோசித்தார். பிறகு திறந்த கதவுக்குள் குனிந்து, ஸ்டியரிங்குக்கு மேலாகக் கையை நீட்டி, வேகமானியின் கண்ணாடியில், முப்பது என்ற எண்ணுக்கு நேரே, நிதானமாக ஒரு பொட்டு வைத்தார்.