ஒரு எழுத்து ஜாஸ்தி

“உங்க பொண்ணு என் கண்ணெதிர்லதான் உக்காந்துனு இருக்குது அண்ணி. கோட்டிங்தான் கத்துக்கினு இருக்குது. வேற இன்னாத்த கத்துக்கப் போவுது?” என்று கைபேசியில் ஒரு தாய்க்குச் சத்தியம் செய்தபடியே, தனபாக்கியம் மறு கையால் யாருடைய ஆதார் அட்டையையோ ஜெராக்ஸ் எடுக்கிறார். அடுத்த அழைப்பு ஒரு மாமியாருக்கு. அதற்கடுத்தது ஒரு அண்ணனுக்கு. அண்ணன் கொஞ்சம் முறைப்பான ஆள் என்பதால் குரலில் கூடுதலாகத் தேன் தடவிக்கொள்கிறார். ஆம்பூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் அவருடைய ஆன்லைன் சென்டரில், ஞாயிற்றுக்கிழமை காலை இப்படித்தான் விடியும்.

தனபாக்கியத்துக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கொண்டையில் எப்போதும் ஒரு பால்பாயிண்ட் பேனா செருகியிருக்கும். அதைத் தேடி மேசையைப் புரட்டிக்கொண்டேயிருப்பார். கம்ப்யூட்டரை ‘இவன்’ என்பார். “இவன் இன்னிக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினான் சார், கொஞ்சம் பொறுங்க” என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போது, வீட்டில் கோபித்துக்கொண்ட மருமகனைப் பற்றிப் பேசுகிறாரோ என்று நினைக்கத் தோன்றும். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவர். கழுத்து வலி வந்து, வேலையை விட்டு, இந்தக் கடையை வைத்தார்.

‘ஆம்பூர் மகளிர் தொழில்நுட்ப வட்டம்’ என்ற அமைப்புக்கு அவர்தான் நிறுவனர், தலைவர், செயலாளர். மூன்று நாற்காலிக்கும் போட்டியிட வேறு யாரும் வரவில்லை. கடைக்கு மேலே உள்ள அறையில் ஞாயிறுதோறும் வகுப்பு. பாடம் நடத்துவது அலீனா. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதும் உள்ளூர்ப் பெண். தனபாக்கியத்துக்கு ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. “அலீனா பாடம் சொல்லிக் குடுக்கும். நான் பொண்ணுங்கள ஊட்ட வுட்டு வெளிய கொண்டாருவேன். எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க” என்றார், வட்டத்தைப் பற்றி எழுத வந்திருந்த என்னிடம். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இனி அந்தக் கோட்டிங் விவகாரம். தோல்ஷாப்புகள் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் கோட்டிங் என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்: பதனிட்ட தோலின்மேல் சாயமும் பளபளப்பும் ஏற்றும் வேலை. வட்டம் ஆரம்பித்த புதிதில் ‘பெண்களுக்கு இலவச கோடிங் பயிற்சி’ என்று விளம்பரப் பலகை வைத்தார்கள். வந்தது மூன்றே பேர். கோடிங் என்றால் பெங்களூரு, ஹாஸ்டல், ராத்திரி வேலை, கடைசியில் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்று ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. மறு வருஷம் பலகை அச்சடித்தவர் பழக்கதோஷத்தில் ‘கோட்டிங் பயிற்சி’ என்று போட்டுவிட்டார். அவரோடு சண்டை போடத்தான் தனபாக்கியம் செருப்பை மாட்டினார். ஆனால் அதற்குள் வாசலில் பெண்கள் கூட்டம் நின்றது. அப்பாக்களே கொண்டுவந்து விட்டிருந்தார்கள்! கோட்டிங் என்றால் உள்ளூர் வேலை, கம்பெனி பஸ், பொழுது சாய்வதற்குள் வீடு. தனபாக்கியம் செருப்பைக் கழற்றிவிட்டார்.

“அக்கா, இது பொய்யி” என்று அலீனா முகம் சுளித்தாளாம்.

“பொய்யி இல்லம்மா. ஒரு எழுத்து ஜாஸ்தி, அவ்ளோதான். கோயில் கல்யாணப் பத்திரிகையிலயே தப்பு வருது, இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கிற.”

பெண்களிடம் மட்டும் உள்ளே வந்த முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுவார். பிடிக்காதவர்கள் போகலாம். பெரும்பாலும் யாரும் போவதில்லை.

இந்த ஒரு எழுத்து எவ்வளவு தூரம் போனதென்றால், மகளிர் தின விழா மேடை வரைக்கும் போனது. மேடையில் எட்டு நாற்காலி, எட்டிலும் ஆண்கள். மகளிருக்குக் கீழே பாய். தலைமை தாங்கிய பக்தவச்சலம் என்ற பிரமுகர் பின்னால் தொங்கிய பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “கோட்டிங் துறையில் பெண்கள் சாதிக்கும் காலம் இது” என்று தொடங்கி, தோலின் மினுமினுப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். முடிவில் வட்டத்துக்கு, தோல்மேல் சாயம் தெளிக்கும் ஒரு ஸ்ப்ரே கன்னை அன்பளிப்பாக வழங்கினார். தனபாக்கியம் அதை இரண்டு கையாலும் வாங்கி, போட்டோக்காரர் பக்கம் திரும்பி, நன்றாகவே சிரித்தார். அவருக்குப் பொன்னாடை என்றாலும் போட்டோ என்றாலும் கொஞ்சம் பலவீனம் உண்டு. அந்தத் துப்பாக்கி இப்போது வகுப்பறைச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது. “சந்தேகம் கேக்கறவங்களுக்கு அதுதான் பதிலு” என்கிறார்.

அது பதில் சொல்ல முடியாமல் விழித்த நாளில் நானும் அங்கே இருந்தேன்.

சௌமியா அந்த வகுப்பில் படித்த பெண். பெங்களூருவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்து, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வீட்டில் கோட்டிங் வேலை என்றே சொல்லியிருந்தாள். அவளுடைய கெட்ட நேரம், அப்பா ராமலிங்கம் தோல்ஷாப்பில் கோட்டிங் பிரிவிலேயே தலை நரைத்தவர். ஒவ்வொரு ஞாயிறும் “இன்னா அடிச்சீங்க இன்னிக்கு?” என்று ஆசையாகக் கேட்பாராம். “இன்னும் தியரிதான்பா” என்று இவள் ஓட்டிவிடுவாளாம். பெங்களூரு என்றதும் அவருக்கு இடித்தது. விசாரிக்க நேராக மாடிக்கே வந்துவிட்டார்.

வாசலில் நின்று முதலில் மூக்கைத்தான் உறிஞ்சினார்.

“இன்னா மேடம், வாசனையே வர்லயே?”

“இப்பல்லாம் தண்ணில கலக்கற மருந்துதான் அண்ணா. வாசனை கம்மி” என்றார் தனபாக்கியம், இமை தட்டாமல்.

ராமலிங்கம் தலையாட்டியபடி உள்ளே வந்தார். சுவரில் இருந்த ஸ்ப்ரே கன்னைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. சொந்தக்காரரைக் கண்டதுபோல ஆசையாகக் கழற்றி, கையில் எடைபார்த்து, முனையைத் திருப்பினார். கம்பெனியில் போட்ட பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது.

“இத ஒரு வாட்டிகூட அடிக்கலியே?”

“அது புதுசு அண்ணா, பழசு ரிப்பேருக்கு...”

“அப்பா” என்று வகுப்பில் உட்கார்ந்திருந்த சௌமியா எழுந்துவிட்டாள். “இது கோட்டிங் இல்லப்பா. கோடிங். கம்ப்யூட்டரு. பெங்களூர் வேலையும் அதான்.”

ராமலிங்கம் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே, “ஷாப்புல அல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். எம் பொண்ணும் என் லைனுக்கே வருதுன்னு” என்றார். அதுவரை இந்த நாடகத்தை நானும் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“என்னாண்ட கேட்டிருந்தா நான் இன்னா சொல்லிருப்பேன்னு உங்களுக்கு எப்டி மேடம் தெரியும்?”

“வேணான்னு சொல்லிருப்பீங்க” என்றார் தனபாக்கியம்.

ராமலிங்கம் மறுக்கவில்லை. “ஆமா. சொல்லித்தான் இருப்பேன். ஆனா கேட்டிருக்கணும்.”

ஊரிலுள்ள அத்தனை மாமியார்களுக்கும் பதில் வைத்திருக்கும் அந்த வாய் மெல்லத்தான் திறந்தது. “கேட்டிருக்கணும் அண்ணா. தப்புதான்.”

மூடி கழலாத துப்பாக்கியை ராமலிங்கம் மேசைமேல் வைத்தார். “திங்கக்கெழம நானும் கூட வர்றேன். எடத்தப் பாக்கணும்” என்றார் மகளிடம். “மொதல்ல இன்னா வேலைன்னு காட்டு.”

சௌமியா லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் செருப்பு விற்கும் கடை ஒன்று வந்தது. அவள் செய்து பழகியது. “இந்த மாதிரி ஒண்ண யாராச்சும் செஞ்சி குடுப்பாங்கப்பா. சரக்கு வெளிய போறதுக்கு முன்னாடி அதுல எங்க தப்பு இருக்குதுன்னு கண்டுபுடிச்சிச் சொல்லணும். அதான் என் வேல.”

ராமலிங்கம் சாயம் ஏறிய விரல்களை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு கண்ணைச் சுருக்கி, திரையை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கோட்டிங் அடித்த தோலில் திட்டு விழுந்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள்.

“வெளிச்சம் பத்தல” என்றார்.

தனபாக்கியம் எழுந்து போய், துருப்பிடித்து இறுகியிருந்த மற்றொரு ஜன்னல் கதவைத் தோளால் முட்டித் திறந்துவிட்டார்.