போரே போடக் கூடாதாம்

என் கணவர் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்க்கிறார். தாம்பரத்தில் எங்கள் தெருவில் இதை யாருக்கும் புரியவைக்க முடியாது. கீழ்வீட்டு அக்காவைப் பொறுத்தவரை அவர் போர் போடுகிறவர், அவ்வளவுதான்.

"உன் வூட்டுக்காரரு வந்தா நம்ம போரை ஒரு தபா பாக்கச் சொல்லு. வெறும் காத்துதான் வந்துகினு கீது" என்பார்.

"அது எண்ணெய் எடுக்கிற போர், அக்கா."

"தண்ணிக்கே வழியக் காணோம், உனக்கு எண்ணெய் கேக்குதா?"

அப்போது டெல்டா பக்கம் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டப் போவதாகப் பேச்சு. அந்த வேலைக்கு இவர் எழுதிப் போட்டிருந்தார். கிடைத்த மாதிரிதான் என்றார்கள். ஒரே ரயில், நேரே தாம்பரத்தில் இறங்கிவிடலாம். பாதி மாதம் வேலை, பாதி மாதம் வீடு. நான் ஒரு பைத்தியக்காரி, அதற்குள் அலமாரியில் என் புடவைகளை ஒதுக்கி, அவர் சட்டைகளுக்கு இடம் பண்ணி வைத்தேன்.

ஒரு நாள் அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "இனிமே போரே போடக் கூடாதாம்! சட்டம் வந்துட்சாம்! உன் வூட்டுக்காரரு பொழப்பு இன்னா ஆவுறது?"

"உளறாதீங்கக்கா" என்று டிவியைப் போட்டேன். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம். எண்ணெய்க்கோ எரிவாயுவுக்கோ அங்கே இனி புதிதாகத் தோண்டக் கூடாது. விவசாயிகள் ஒருவர் வாயில் ஒருவர் லட்டை ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம தெருவுக்கு இல்லியா? அப்பாடா!" என்று அக்கா இறங்கிப் போனார்.

கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்ல சட்டம்தாம்மா" என்றார். "அங்க போர் போட்டா நிலம் என்னாகும்னு எனக்குத் தெரியாதா?"

"நெல்லுக்குச் சட்டம் போட்டாங்க மச்சான், சந்தோஷம். எனக்கு யாரு போடுவா?" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு அழுதேன். எனக்கு அவர் வேண்டும். அதில் நியாயம் அநியாயமெல்லாம் எனக்குத் தெரியவில்லை.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். இங்க காண்ட்ராக்டைப் புதுப்பிக்கச் சொல்லிட்டிருந்தாங்க. நான்தான் வேணாம்னு தள்ளிப் போட்டுட்டே வந்தேன்."

"இப்ப?"

"நியூஸை நான் காலையிலயே பாத்துட்டேம்மா. கையெழுத்துப் போட்டாச்சு. உனக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்."