மாமியின் மூன்றாவது அல்பம்

அப்பாவின் ஒரே தங்கையான எங்கள் மாமி, கொழும்பில் நாலைந்து சிங்களப் பொடியன்களுடன் சேர்ந்து கிற்றார் அடித்துப் பாடுகிறாள் என்பது, உடப்பில் எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசக் கூடாத விஷயமாக இருந்தது. அப்பா அவளை வீட்டைவிட்டு அனுப்பியபோது நான் தொட்டிலில் கிடந்தேனாம். எனக்குப் பத்து வயதில் அவளுடைய மூன்றாவது அல்பம் வந்தது. ஓர் ஆங்கிலப் பத்திரிகை அவள் படத்தைப் போட்டு, போஸ்ட் பங்க் என்ற பாட்டு வகையில் இந்த நாட்டில் இப்படி ஒன்று வந்ததே இல்லை என்று எழுதியது. சிலாபம் மீன் சந்தையில் யாரோ அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. போஸ்ட் பங்க் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, வாசித்தவருக்கும் தெரியாது. ஆனாலும் ஆடித் திருவிழாவுக்குத் தங்கச்சியை வீட்டுக்குக் கூப்பிடப் போவதாகச் சந்தையிலேயே அறிவித்துவிட்டார். அதற்கு முன் அவள் பெருமையை ஊர் கேட்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா குடும்பமும் அப்பாவின் கரைவலை இழுக்கிற ஆட்களும் முற்றத்தில் நிறைந்தார்கள். அம்மா பற்றீஸ் பொரித்தாள். பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போடுகிற பொறுப்பு எனக்கு.

மேளம் தகரத்தைத் தட்டுவதுபோல ஒரே சீராக அடித்தது. கிற்றார் உறுமியது.

"பாட்டு எப்ப துவங்கும்?" என்று பெரியப்பா கேட்டார்.

அப்போதுதான் மாமி வாயைத் திறந்தாள். பாடவில்லை, ஏசினாள்.

"பெட்டியத் தூக்கு. விளங்குதா? இந்த வீட்டுல உனக்கு இனிச் சோறு இல்ல. விளங்குதா? சனத்துக்கு முன்னால என்ட முகத்துல கரி பூசிப்போட்டாய். விளங்குதா?"

ஒவ்வொரு 'விளங்குதா'வையும் அந்தப் பொடியன்கள் சேர்ந்து கத்தினார்கள். வலை இழுக்கிறவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். கடற்கரையில் தினமும் அப்பாவின் வாயால் அந்த 'விளங்குதா'வை வாங்கிக் கட்டுகிறவர்கள் அல்லவா? சிரிப்பு முற்றம் முழுக்கப் பரவியது. எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. "அப்பா, இது நீங்க ஏசுற மாதிரியே இருக்கு!" என்று துள்ளினேன். அப்பா எழும்பி வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

பிறகு எங்களால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. பாண் வாங்கப் போனால் கடையில் 'விளங்குதா?', பள்ளிக்கூடத்தில் 'விளங்குதா?'. வெட்கத்தில் எனக்கு அழுகை வரும். அப்பா அந்தச் சொல்லையே விட்டுவிட்டார். திருவிழாவுக்கு மாமியைக் கூப்பிடும் பேச்சும் நின்றுபோனது.

ஒரு பின்னேரம் அவர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னார். கடைசிவரை கேட்டார்.

"இன்னும் என்னத்துக்கு இதைக் கேக்கிறீங்க? இனிப் போட வேண்டாமெண்டு சொல்லுங்க" என்றாள் அம்மா.

"அவளை அனுப்பின அண்டைக்குக் கடைசியா நான் இன்னொண்டும் சொன்னனான்" என்றார் அப்பா. "அதை மட்டும் அவ போடல்ல."

அது என்னவென்று அம்மாவுக்குத் தெரியும் போலிருந்தது. "அதைத் திருப்பி வாயால சொல்லலாமா?" என்றபடி கையிலிருந்த சுளகை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாமி மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். பாவம், எத்தனை வருஷத்துக் கதை! பத்திரிகையே புகழ்கிற பாட்டில் ஒரு வரி குறையலாமா?

"சொல்லுங்க அப்பா, நான் மாமிக்கு எழுதி அனுப்புறன்" என்று போனைக் கையில் எடுத்தேன்.

அப்பா தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அந்த வரியை ஞாபகப்படுத்திப் பார்க்கிறார் என்று எண்ணி, நான் பக்கத்திலேயே பொறுமையாகக் காத்திருந்தேன்.