ஓடக் கூடாத நாற்பது நாட்கள்

முதலில் தெரிந்தது வாடைதான். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த என் மனைவி கோமதி, "இன்னாங்க, பாப்பா வாய்ல இப்படி நாத்தம் அடிக்குது?" என்று கேட்டாள். ஆறு வயது தர்ஷினி வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். லேசான காய்ச்சல் இருந்தது. எச்சில் விழுங்கினால் வலித்தது. ஐஸ்கிரீம் தின்றிருப்பாள் என்று சொல்லிவிட்டு நான் ஒரகடத்துக்கு கம்பெனி பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் கழுத்து வீங்கி, தாடை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் குழந்தை மருத்துவர் ஒருவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு, "கடைசியா தடுப்பூசி எப்போ போட்டீங்க?" என்றார்.

நான் கோமதியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது தொண்டை அடைப்பான் (டிப்தீரியா, தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும் தொற்றுநோய்). அன்று மதியமே ஆம்புலன்சில் சென்னைக்குப் போனோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை கடந்துபோனபோது தர்ஷினி எழுந்து தண்ணீரைப் பார்க்க ஆசைப்பட்டாள். எழக் கூடாது என்றார்கள். அந்தச் சொல்லை அடுத்த நாற்பது நாட்கள் நாங்கள் கேட்கப்போகிறோம் என்று அப்போது தெரியாது.

இதே நோயோடு உங்கள் குழந்தை ஒரு தனி அறையில் படுத்திருக்க, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், நான் செய்ததை ஒளிக்காமல் சொல்வதுதான் நியாயம். நான் பென்னலூர்க்காரன். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஆலையில் தர ஆய்வாளர். ஒரு துளை மயிரிழை பெரிதானாலும் லைனை நிறுத்திவிடுவேன். சூப்பர்வைசர்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் பிரிவில் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பழைய டிராயிங்கை வைத்துக்கொண்டு அளப்பது. ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் அது எத்தனையாவது திருத்தம் என்று எழுதியிருக்கும். முதலில் அதைப் பார், அப்புறம் கருவியைத் தொடு என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன்.

தர்ஷினிக்கு மூன்றரை மாதத்தில் போட்ட ஊசிக்குப் பிறகு நெருப்பாகக் கொதித்தது. தொடை வீங்கி, விடியும்வரை அழுதாள். மறுநாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. எங்கள் பயம்தான் இறங்கவில்லை. அவளுக்கு ஒரு வயதானபோது கம்பெனி எங்களை இரண்டு ஆண்டுகள் ஜெர்மனிக்கு அனுப்பியது. அங்கேயும் பெரும்பாலானவர்கள் நாள் தவறாமல் ஊசி போடுகிறவர்கள்தான். எங்கள் மாடிவீட்டு ஹன்னா மட்டும் வேறு மாதிரி. தோட்டத்துக் கீரை, ரசாயனம் இல்லாத சோப்பு, சளியே பிடிக்காத இரட்டைப் பையன்கள். "உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளட்டும், நாங்கள் ஊசி போடவில்லை" என்று ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

அதையே சுங்குவார்சத்திரம் டீக்கடையில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஜெர்மனிக்காரி சொன்னதால் அது எனக்குத் தரமாகப் பட்டது. எங்கள் ஆலையில் ஜெர்மனித் தலைமையகத்திலிருந்து வரும் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஒன்றரை வயதில் போட வேண்டிய ஊக்க ஊசியை (முதல் ஊசிகளின் பலன் குறையாமல் காக்கப் போடுவது) அங்கே மருத்துவர் நினைவுபடுத்தினார். பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஊர் திரும்பியபின் எங்கள் பகுதி சுகாதாரச் செவிலியர் சகாயமேரி நர்சம்மா இரண்டு முறை வீட்டு வாசலுக்கு வந்தார். இரண்டாம் முறை அவருக்கு நான் ஜெர்மனியைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். வெயிலில் நின்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஊரு சமாச்சாரம் எனக்குத் தெரியாது சார். இந்த ஊர்ல எந்தக் கிருமி கீதுன்னு எனக்குத் தெரியும். புதன்கெழம வாங்க, ஊசி கீது."

நாங்கள் போகவில்லை.

சென்னை மருத்துவமனையில் முதலில் எதிர்நச்சு மருந்து (கிருமி கக்கும் நஞ்சை முறிப்பது) ஏற்றினார்கள். ஒவ்வாமை வருகிறதா என்று துளி மருந்தில் சோதித்துவிட்டுத்தான் முழு அளவும் கொடுத்தார்கள். சேர்த்த நான்காம் நாள் சவ்வு உரியத் தொடங்கியது. கழுத்து வடிந்தது. எட்டாம் நாள் தர்ஷினி தோசை கேட்டாள். பிழைத்துவிட்டாள் என்று நான் கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மருத்துவர் எங்களை வராந்தாவுக்கு அழைத்தார். "இனிமேதான் நாம ஜாக்கிரதையா இருக்கணும். ஏற்கெனவே பரவின நஞ்சு இதயத்தத் தாக்கலாம். ரெண்டாவது வாரம்தான் கஷ்டமான வாரம். பாக்க நல்லா இருப்பா, விளையாடக் கேப்பா. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, தானா எழுந்து உக்காரக்கூட விடாதீங்க."

நோயாளியைப் படுக்க வைத்துவிடலாம். நன்றாக இருக்கும் குழந்தையைப் படுக்க வைப்பது எப்படி? ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். அவள் சூப்பர்வைசர், நான் ஆபரேட்டர். படுத்தபடியே உத்தரவு போடுவாள். "எனக்கு பதிலா நீ குதிப்பா. இன்னும் மேல. சரியில்ல, ரிஜெக்ட்!" முகக்கவசத்தோடு அந்தச் சின்ன அறையில் நான் குதித்துக்கொண்டிருப்பேன். ஆலையில் யாராவது பார்த்திருந்தால் என் மரியாதை போயிருக்கும்.

பன்னிரண்டாம் நாள் இதயத் துடிப்பின் வரைபடம் மாறியது. இதயத்தசை அழற்சி (இதயத்தின் சதை வீங்கிப் பலவீனமாவது) என்றார் மருத்துவர். அவள் மணிக்கட்டில் விரல் வைத்தேன். மூன்று துடிக்கும், ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போன அந்த இடத்தில் நானும் மூச்சை நிறுத்திக்கொள்வேன். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

வராந்தாவில் கோமதி வாய் திறந்தாள். "நீங்க சொன்னீங்க, நான் தலையாட்டிக்கினேன். உங்கள மட்டும் சொல்லல. அந்த ஜுரத்தப் பாத்து நானும்தான் பயந்தேன். ஒரு நாள் ஜுரங்க அது." திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அதற்குள் ஊரில் நர்சம்மா எங்கள் அடுக்ககம் முழுவதும் ஏறி இறங்கி, தர்ஷினியோடு விளையாடிய குழந்தைகளுக்கு நோய் தொற்றியிருக்கிறதா என்று பார்த்திருந்தார். தொலைபேசியில் என்னை ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. எதிர்வீட்டில் ஒரு கொரியக் குடும்பம் இருந்தது. அந்தத் தாயைப் பற்றிச் சொன்னார்.

"அந்தம்மா ஒரு நோட்டு எடுத்தாந்து காட்டுச்சு சார், எல்லா ஊசியும் போட்டு கீது. அவங்க பாட்டி காலத்துல அவங்க ஊர்ல தொண்ட நோவுல கொயந்தைங்க போயிடுச்சாம். போன்ல பேசி, அத தமிழாக்கிக் காட்டி, அயுதுகினே சொல்லுச்சு. உங்க பொண்ணு எப்படி கீதுன்னு கேட்டுச்சு."

அன்று ஹன்னாவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். குற்றம் சாட்டும் எண்ணம் பாதி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மறுநாளே பதில் வந்தது. தர்ஷினிக்காக அழுததாக எழுதியிருந்தாள். கடைசியில் நான்கு வரி: "பையன்களுக்கு ஊசியை நாங்கள் தள்ளித்தான் வைத்திருந்தோம். நீங்கள் ஊருக்குப் போன வருடமே நான் மனம் மாறி, எல்லா ஊசியும் போட்டுவிட்டோம். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் என் பேச்சைப் பின்பற்றுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை."

அதைக் கோமதிக்குப் படித்துக் காட்டினேன். மூன்று ஆண்டுகள் நான் பழைய டிராயிங்கை வைத்து என் மகளை அளந்திருக்கிறேன். வரைந்தவளே அதைக் கிழித்துப் போட்ட பிறகும்.

இருபதாம் நாள்வாக்கில் துடிப்பு விட்டுப்போவது குறைந்தது. பிறகு தர்ஷினியின் குரல் மூக்கால் வரத் தொடங்கியது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வழிந்தது. அண்ணம் (வாயின் மேற்கூரை) செயலிழந்திருக்கிறது, சில வாரங்களில் திரும்பிவிடும் என்றார் மருத்துவர். உங்கள் குழந்தைக்கும் இது நேர்ந்தால் பதறாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கெட்டியான கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், பொறுத்திருங்கள். எங்களுக்குத் திரும்பியது. ஒரு காலை அவள் "அப்பா" என்று கூப்பிட்டபோது அது பழைய குரல்.

நாற்பதாம் நாள் இதயப் பரிசோதனை சரியாக வந்தது. இனி மெல்ல ஓடலாம் என்று சொல்லிவிட்டு மருத்துவர் ஒரு சீட்டு எழுதினார். தடுப்பூசிக்கான சீட்டு. எனக்குப் புரியவில்லை. இந்த நோயே வந்து போய்விட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

"இந்த நோய் வந்துபோனா உடம்புக்கு எதிர்ப்பு வந்துடும்னு நம்ப முடியாது சார். மறுபடியும் வரலாம். ஊசிதான் போட்டாகணும்."

உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று நான் விட்டிருந்தேன். இத்தனை பட்டும் அது கற்றுக்கொண்டதாக நம்ப முடியவில்லை.

அடுத்த புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போனோம். சகாயமேரி நர்சம்மா என்னிடம் பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. அட்டையை வாங்கித் தேதி எழுதினார். தர்ஷினி ஊசிக்கு அழவில்லை. அவள் கவலை வேறு.

"ஊசி போட்டா மறுபடியும் படுத்துக்கினே இருக்கணுமா?"

"படுக்கறதா? அரமணி நேரம் இப்டி குந்து கண்ணு. அப்புறம் ஓடு."

அந்த அரை மணியும் என் விரல் அவள் மணிக்கட்டில்தான் இருந்தது. இப்போதெல்லாம் நான் நேரத்தை அப்படித்தான் அறிகிறேன். ஆலையில் ஒரு வேலை எத்தனை நிமிடம் என்று யாராவது கேட்டால், என் மனதில் முதலில் ஓடுவது அவளுடைய துடிப்புகள். நேரம் முடிந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். விரலை எடுத்தேன்.

அவள் வெளியே ஓடினாள். வாசல் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. மூச்சு வாங்க என் முன்னால் நின்று, தானாகவே கையை நீட்டினாள்.

"எண்ணுப்பா."

எண்ணினேன். ஒன்றுகூட விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.