‘காலி, போங்க’

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு ஐம்பத்திரண்டு. முதலில் தெரிந்தது ஒரு சிவப்பு வட்டம். லாரியா, பேருந்தா என்று தெரியவில்லை.

“பஸ்ஸு. நிக்குது. வலது பக்கம் வாங்க” என்றாள் மனைவி.

வலது பக்கம் ஒதுங்கினேன். குரோம்பேட்டையில் அவளுக்கு டயாலிசிஸ் முடிந்து மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாரம் மூன்று நாள், மதியம் இரண்டு மணி முதல். வெளியே வரும்போது மார்கழியில் இருட்டிவிடும். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. பகலில் சமாளிக்கலாம். இருட்டினால் எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் ஒரு முழ அகலத்துக்கு விரியும். அதற்குள் யார் நின்றாலும் எனக்கு இல்லாதவர்தான்.

அறுவை சிகிச்சைக்கு இரண்டு முறை தேதி வாங்கித் தள்ளிப்போட்டேன். முடிந்தபின் சில வாரம் கார் ஓட்டக் கூடாதாம். அதுவரை இவளை எப்படிக் கூட்டிவருவது? ஒருமுறை மூன்று ஆட்டோக்காரர்கள் வருவதாகச் சொல்லி ரத்து செய்தார்கள். நாலாவது ஆள் வரும்வரை அவள் மருந்துக்கடைப் படியில் சுருண்டு படுத்திருந்தாள். காலை ஷிப்டில் இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அங்கே யாரும் உயிரோடு இடத்தை விட்டுவிட்டுப் போவதில்லை.

அதனால் இந்த ஏற்பாடு. நான் ஓட்டுவேன், அவள் பார்த்துச் சொல்வாள். முப்பதைத் தாண்டாத வேகம். நாலு மாதமாக வண்டியில் ஒரு கீறல் இல்லை. பத்திரமாகத்தான் ஓட்டுகிறேன் என்று நம்பினேன்.

முடிச்சூர் சாலையில் திரும்பினோம்.

“பள்ளம். இடது பக்கம்.” இருந்தது.

“ஸ்பீட் பிரேக்கர்.” இருந்தது.

“காலி, போங்க.”

போனேன். ஏதோ இடித்தது. பிரேக்கை மிதித்தேன். தண்ணீர் கேன் ஒன்று காருக்கு முன்னால் உருண்டது. மூன்று சக்கர வண்டியில் கேன் ஏற்றி வந்தவர் கீழே குதித்திருந்தார். பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் இடையே ஒரு சாண்.

“யோவ், இம்மாம் பெரிய வண்டி நிக்குது, தெரில? கண்ண வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?” கண்ணாடி வழியே உள்ளே குனிந்து பார்த்தார். “இன்னா சார், அக்கா தூங்கினுகீது. நீயும் தூங்குனா எப்டி?”

திரும்பிப் பார்த்தேன். கடை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கண்கள் மூடியிருந்தன.

“தூங்கலீங்க” என்றாள், இமை திறக்காமல். “கண்ணத் தொறந்தா தல சுத்துது.”

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

“ஒரு மாசமா. பெரிய ரோடு வரைக்கும் பாத்துடுவேன். இங்க வந்ததும் முடியல. வழிதான் மனப்பாடமாச்சே.”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா வண்டிய எடுக்க மாட்டீங்க. அப்புறம் எப்படிப் போறது?”

பத்திரிகையில் முப்பது வருடம் ஒவ்வொரு வரியையும் இருமுறை சரிபார்த்தவன் நான். அவள் சொன்னதை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை. நகராதவை எல்லாம் அவள் சொன்ன இடத்திலேயே இருந்தன.

காரை ஓரம் கட்டிச் சாவியை எடுத்துவிட்டேன். கேன்காரர் கோபம் தணிந்து, போகிற ஆட்டோக்களை எங்களுக்காகக் கைகாட்டி நிறுத்தப் பார்த்தார். ஒன்று நிற்க நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள்.

அடுத்த டயாலிசிஸ் வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி.