பொட்டு வைத்த தும்புத்தடி

பதினொரு வயதில் எனக்குச் சொந்தமாக ஏழு பிஸ்டல்கள் இருந்தன. பொய்தான். பிஸ்டல்கள் அப்பாவுடையவை, எனக்குச் சொந்தமாக இருந்தது அவர் அவற்றைத் துடைத்துவிட்டு எறியும் பழைய பெனியன் துணி. ஆனால் அந்தத் துணியை மூக்கில் வைத்து இழுத்தால் எண்ணெயும் இரும்பும் மணக்கும், வருடத்தில் ஒரு நாள் மட்டும் சந்தனமும் சேர்ந்து மணக்கும். ஜேர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் வேறெந்த வீட்டிலும் இப்படி ஒரு மணம் இருந்திருக்காது என்று நான் சத்தியம் செய்வேன். என் சத்தியத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பது வேறு விஷயம். நான் கார் டயர் மாற்றுகிறவன். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் மூன்றாம் வகுப்போடு ரீச்சரும் நானும் ஒருவரையொருவர் விடுதலை செய்துகொண்டோம்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் கடைசல் வேலை. கூட வேலை செய்த ஜேர்மன்காரர் ஒருவர் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போக, அங்கே ஒரு பழைய பிஸ்டலைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்தவர் வீட்டுக்கு வந்து அன்றிரவு சாப்பிடவில்லையாம். பிறகு பல வருடங்கள் பரீட்சை, "அன்ட்ராக்" என்ற விண்ணப்பம், "டேர்மின்" என்ற சந்திப்பு நேரம் என்று அலைந்து, சேகரிப்பாளருக்கான அனுமதி அட்டையை வாங்கினார். வாங்கியதெல்லாம் கிழடுகள். ஒரு குண்டு போனதும் வெற்றுக் கோதைத் தானே வெளியே துப்பி, அடுத்ததைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் வித்தையை மனிதன் கண்டுபிடித்த புதிதில் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பெயர். மேலே மடங்கி எழும்பும் பூட்டு உள்ளது "முழங்கால்". உள்ளங்கைக்குள் அடங்குவது "குட்டி". விளக்குமாற்றுக் கட்டையை வெட்டி வைத்ததுபோல உருண்டைப் பிடி உள்ளதற்கு அம்மா வைத்த பெயர் "தும்புத்தடி". அப்பாவின் உயிர் அதில்தான். பிடியில் இருக்கும் ஒரேயொரு திருகாணியைத் தவிர அதில் வேறு ஆணியே கிடையாது. "பார் மோனை, ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு நிக்குது, எங்கடை சொந்தக்காரர் இப்பிடி நிண்டிருந்தா எவ்வளவு நல்லது" என்பார்.

அம்மாவுக்குத் துவக்கு என்றாலே ஆகாது. "ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்து வாங்கிறியள்."

"அங்கை அது என்னைப் பாத்தது. இஞ்சை நான் அதைப் பாக்கிறன்" என்று அப்பா சொல்வார்.

அந்தத் தும்புத்தடிக்குத்தான் கண்டம் வந்தது. இப்படிப்பட்ட வீடுகளுக்கு அலுவலகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பெட்டகம் பூட்டியிருக்கிறதா, பிஸ்டலில் வெட்டியிருக்கும் எண்ணும் அட்டையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார்கள். போன முறை வந்த உயரமான பெண் அதிகாரியால், தேய்ந்துபோன தும்புத்தடியின் எண்ணில் பாதியை வாசிக்க முடியவில்லை. அடுத்த முறையும் வாசிக்க முடியாவிட்டால் எடுத்துக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அப்பா பூதக்கண்ணாடியும் ரோச் லைற்றுமாக அந்த இரும்போடு குடும்பம் நடத்தினார். எண் தெரியவில்லை. அவருக்குத் தலைமயிர் கொட்டியதுதான் தெரிந்தது.

இந்த நிலைமையில் ஆயுத பூசை வந்தது. சாமியறை என்று நாங்கள் அழைக்கும் வரவேற்பறை மூலையில் அம்மாவின் தையல் மெஷின், கத்தி, தேங்காய்த் திருவலை, அப்பாவின் வேலைச் சப்பாத்து, அருள் அதிகம் தேவைப்பட்ட என் புத்தகப் பை எல்லாம் வந்து அமர்ந்துவிட்டன. அம்மா பெட்டகத்தைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, அதுகளையும் எடுத்து வையுங்கோ."

"உமக்குத்தானே அதுகளைப் பிடிக்காது?"

"எனக்கு உங்கடை அக்காவையும்தான் பிடிக்காது. அவ வந்தா சோறு போடாமலே விடுறன்?"

அப்பா தோட்டாக்களை உள்ளேயே பூட்டிவிட்டு, ஏழையும் வெள்ளைத் துணியில் அடுக்கினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தலையில் ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தார். முழங்கால் மாப்பிள்ளைபோல இருந்தது. அப்போது அழைப்பு மணி அடித்தது.

அதே உயரமான பெண். பின்னால் கோப்போடு ஓர் இளம் அதிகாரி. உள்ளே வந்து பார்த்ததும் அந்தப் பையனின் வாய் திறந்தது, மூடவில்லை. ஏன் இவை வெளியே இருக்கின்றன என்று பெண் கேட்டார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், தோட்டா பூட்டியிருக்கிறது என்று அப்பா தொழிற்சாலை ஜேர்மனில் சொன்னார். அப்படியென்றால் நீங்கள் இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது, முதலில் அந்தப் பழையதை எடுத்துத் தாருங்கள் என்றார் அவர்.

"ஏலாது!" என்று அம்மா குறுக்கே வந்தார். "படைச்சதைப் பூசை முடியாமல் தொடக் கூடாது. சொல்லு மோனை."

சொல்லு என்றால் எப்படிச் சொல்வது? பூசைக்கு எனக்கு ஜேர்மன் தெரியாது, தமிழிலும் பெரிதாகத் தெரியாது. "இன்றைக்கு இந்த இரும்புகளுக்கெல்லாம் பிறந்தநாள்" என்று ஜேர்மனில் எடுத்துவிட்டேன். "இன்னும் நேரம் வரவில்லை. முன்னதாகத் தொட்டால் கெட்டது."

ஜேர்மன்காரரிடம் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. பிறந்தநாளுக்கு முன்னரே வாழ்த்துச் சொன்னால் ஆகாது என்று நம்பும் சனம் அது. அந்தப் பெண் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஓ, முன்னதாகக் கூடாதுதான்" என்று சொல்லிக் கதிரையில் அமர்ந்தார். இளம் அதிகாரி என் புத்தகப் பையைக் காட்டி, அதற்கு எத்தனை வயது என்று கேட்டான்.

அம்மா நல்ல நேரத்தையே கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டு என்னைத் தேவாரம் பாடச் சொன்னார். எனக்கு முதல் வரி மட்டும்தான் தெரியும். அதையே வேறு வேறு ராகத்தில் சுற்றிச் சுற்றிப் பாடினேன். கற்பூரம் கொளுத்தியதும் முகட்டிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி என்னோடு சேர்ந்து பாடத் தொடங்கியது. அப்பாவால் இடத்தை விட்டு நகர முடியாது, சட்டம். அம்மாவால் தட்டை வைக்க முடியாது, சாமி. கடைசியில் இளம் அதிகாரிதான் கதிரையில் ஏறி அதை அமத்திப் பிடித்தபடி, ஒரு கையால் தீபத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டான்.

பூசை முடிந்தது. அப்பா தும்புத்தடியை எடுத்தார். எண் இருந்த இடத்தில் தடிப்பாய்ச் சந்தனம்.

"அதிலை கீறுப்பட்டு அசிங்கமாக் கிடந்தது, மறைச்சு விட்டனான்" என்றார் அம்மா.

அப்பா என் பெனியன் துணியைப் பிடுங்கி ஒரு இழுப்பு இழுத்தார். மேலே இருந்த சந்தனம் போய்விட்டது. தேய்ந்த வெட்டுக்குள் இறங்கிக் காய்ந்த சந்தனம் போகவில்லை. கறுத்த இரும்பில் மஞ்சள் மஞ்சளாய், யாரோ இப்போதுதான் எழுதிவிட்டுப் போனதுபோல எண் முழுவதும் எழும்பி நின்றது. அந்தப் பெண் ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாய் வாசிக்க, இளம் அதிகாரி அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றான். கடைசிச் "சரி"க்கு அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையை நான் அவர்களுடைய கலியாணப் படத்தில்கூடக் கண்டதில்லை.

"பூதக்கண்ணாடிக்குக் குடுத்த காசுக்கு ஒரு சந்தனக்கட்டை வாங்கியிருக்கலாம்" என்றார் அம்மா.

போகும்போது இருவர் கையிலும் அவலும் கடலையும். வாசலில் நின்று அந்தப் பெண் ஏழு பிஸ்டல்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்.

இப்போது ஆறு போய்விட்டன. மூட்டுவலி வந்தபின் அப்பா ஒவ்வொன்றாக வேறு சேகரிப்பாளர்களிடம் கொடுத்துவிட்டார். பழைய வீடும் இல்லை, அந்தத் துணியும் இல்லை. தும்புத்தடி மட்டும் பெரிய பெட்டகத்தில் தனியாக இருக்கிறது. எண்ணுக்குள் இன்னும் மஞ்சள். அப்பா அதை மட்டும் துடைக்க விடுவதில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறு வருடம் அதே நாளில் அந்த உயரமான பெண் மறுபடியும் மணியடித்தார், இந்த முறை கையில் கோப்பு இல்லை, ஒரு பெரிய கேக்கை வைத்துக்கொண்டு அவர்...

"டேய்! எழுதிக் கிழிச்சது காணும், வா! கொப்பர் துவக்கை வெளியிலை எடுத்து வைச்சிட்டு எழும்ப ஏலாமல் காவல் இருக்கிறார். வந்து தேவாரத்தைப் பாடு!"

வாறன் அம்மா. முதல் வரி மட்டும்தான்.